ஒன்பதைத் திருப்பி வைக்கச் சொன்னவர்

தாம்பரம் மார்க்கெட்டில் நின்றிருந்தபோது ஜமீலா டீச்சரின் மகன் போன் செய்தார். "மேஸ்திரி, அம்மா மவுத்தாயிட்டாங்க. மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நீங்க வந்துடணும்." அப்படியே பம்மலுக்குப் பஸ் ஏறினேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டைல்ஸ் ஒட்டுகிறவன். அளவு டேப்பில் எண் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதுகிறாள்.

டீச்சரம்மா பம்மலில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் வீட்டு அடுப்படிக்கு டைல்ஸ் ஒட்டப் போனதில்தான் பழக்கம். ஓய்வு பெறுகிற வருஷம் என்னைக் கூப்பிட்டார். "ஸ்கூல் சுவத்துல ஒரு பகா எண் ஒட்டணும் மேஸ்திரி."

"பக்கா எண்ணா? நம்ம வேலை எல்லாமே பக்கா தான் டீச்சரம்மா."

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதுவும் சரிதான். ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதால வகுத்தாலும் உடையாது. பக்கா தான்!"

தலைமை ஆசிரியருக்கு இஷ்டமில்லை. "கிரானைட்ல பொறிச்சிடலாமே மேடம். இவருக்கு இதெல்லாம் புரியுமா?"

"என் கிச்சன்ல ஒரு கோடு விலகல சார். இவர்தான் செய்வார்" என்றார் டீச்சரம்மா. என் காதுபடவே சொன்னார்.

357686312646216567629137. இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாலும் மிச்சம் நிற்பது பகா எண்தான். கடைசி ஏழு வரைக்கும். இந்தக் குணம் உள்ளதில் இதைவிடப் பெரிய எண் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார்.

ஒரு எண்ணுக்கு ஒரு டைல்ஸ் என்று ஒரே நாளில் ஒட்டி முடித்தேன். டீச்சரம்மா வந்து பார்த்தார். வலக்கோடியிலிருந்து நாலாவது டைல்ஸில் விரலை வைத்தார்.

"இது ஒன்பது மேஸ்திரி."

ஏழு ஆறுகளை வைத்த கை எட்டாவதையும் ஆறாகவே வைத்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "இன்னா டீச்சரம்மா, அதே டைல்ஸ் தானே, தலகீழா கீது. நாளைக்குத் திறப்பு விழா. யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"ஆறாயிரத்து நூத்தி முப்பத்தேழு, பதினேழால உடையும். எட்டாங்கிளாஸ் பொண்ணு கண்டுபிடிப்பா. அப்ப உங்களைத்தான் சொல்லுவாங்க. திருப்பி வைங்க, நான் நிக்கிறேன்."

ஈரம் காயவில்லை. பக்கத்து டைல்ஸில் கீறல் விழாமல் பெயர்த்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் உட்காரவே இல்லை.

மறுநாள் பிள்ளைகள் முன்னால் என்னை நிறுத்தினார். "மேஸ்திரி மறைப்பாரு, மிச்சம் உடையுதான்னு நீங்க சொல்லுங்க." இடப்பக்கத்திலிருந்து அட்டையைத் தள்ளித் தள்ளி மறைத்துக்கொண்டே வந்தேன். பெரிய எண்களுக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்ன பிள்ளைகள், கடைசி நாலு எண் மட்டும் நின்றதும் தாளில் வகுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் எழுந்தாள்.

"ஒன்பதாயிரத்து நூத்தி முப்பத்தேழு. உடையல மிஸ்!"

கைதட்டலுக்கு நடுவே தலைமை ஆசிரியர் வந்து என் கையைக் குலுக்கினார். டீச்சரம்மா அவரிடம், "புரிஞ்சுதா சார்?" என்று மட்டும் கேட்டார். முந்தின நாள் நடந்ததை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இன்று நான் சொல்லிவிட்டேன்.

கபரஸ்தானில் எல்லோரும் கையேந்தி நின்றார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, இருபத்துநாலு எண்ணையும் வரிசையாக வாய்க்குள் சொன்னேன். ஒன்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். போய் வாருங்கள், டீச்சரம்மா.