அம்மாவுக்கு ரிவர்ஸ் வராத நாட்கள்

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவள் நான். எழுத உட்கார்வதே அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ரவாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் புது இயந்திரம் பழக யார் வருகிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் அம்மாவின் கால்கள்தான் என் கண்ணில் தெரிகின்றன. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் இருந்தோம். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு உரம் போடும் வேலை. அதை வெளியாட்களிடம் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வேலை போனால் லயத்து வீடும் போகும். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மாமா வேறு வேலைக்குப் போகவிருந்தார். டிரெய்லரோடு சரியாக ஓட்டிக் காட்டுகிறவருக்கு அந்த இடம் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லியிருந்தார். அம்மா தன் தம்பியிடமே ரகசியமாகப் பழக ஆரம்பித்தார். லயத்துப் பெண்களின் வாய்க்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்தான்.

மத்தியான உறக்கத்தில் அம்மாவின் கால்கள் அசையும். இடது கால் மெல்ல அமுங்கும், வலது கால் எழும், கை காற்றில் எதையோ பிடித்து இழுக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்குப் பாயே நகர்வதுபோல் இருக்கும். சுவரில் ஓலை நிழல்கள் பின்னோக்கி ஓட, நானும் அம்மாவும் அசாம் ஜாவா ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போய்க்கொண்டிருப்போம்.

ஒரு நாள் பெரியம்மா இதைப் பார்த்துவிட்டார். செம்பனைக் காட்டில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று முடிவுகட்டி, அம்மாவை முனியாண்டி கோயிலுக்கு இழுத்துப் போனார். அம்மா மறுக்க மறுக்க அவருக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. பூசாரி மற்ற நாட்களில் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். அன்று வேப்பிலையும் கையுமாக, பேயை விசாரிக்கும் குரலில் கேட்டார்.

“யாரு நீ? உனக்கு என்ன வேணும்? சொல்லிட்டுப் போ.”

அம்மா களைத்திருந்தார். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

“ரிவர்ஸ் வரணும் சாமி. டிரெய்லர் மாட்டினா கோணிக்கிட்டுப் போவுது. நாளைக்கு மண்டோர் பாக்க வர்றாரு.”

“இது டிரைவர் பேய் லா,” என்று பெரியம்மா முணுமுணுத்தார். பூசாரி வேப்பிலையைக் கீழே வைத்தார். குரல் சாதாரணமாகிவிட்டது.

“டிரெய்லர் இடது பக்கம் போவணும்னா ஸ்டீரிங்க வலது பக்கம் ஒடிம்மா. மெதுவா ஒடி. கோணிச்சுன்னா முன்னால வந்து மறுபடி போ.”

இரண்டு எலுமிச்சம்பழங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் வைத்து நகர்த்தியும் காட்டினார். பிறகுதான் விபூதி பூசினார். முனியாண்டிக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

திரும்பி நடக்கும்போது, நன்றாகப் பழகியதும் எங்கே போவோம் என்று அம்மாவைக் கேட்டேன்.

“எங்கயும் போவ வேணாம்னுதான்டி,” என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஓட்டத் தெரிந்தவர் ஏன் எங்கேயும் போகாமல் இருக்க வேண்டும் என்று அன்று விளங்கவில்லை.

மறுநாள் அம்மா டிரெய்லரைப் பின்னால் ஓட்டிக் கிடங்குக்குள் கொண்டுபோனார். முதல் தடவை தூணில் உரசியது. மண்டோர் இன்னொரு தடவை போகச் சொன்னார். அதில் சரியாக நின்றது. சாயங்காலம் மாமா டிராக்டர் ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் தன் மழைச்சட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.