நடுங்காத கை

துடுப்பின் நுனியிலிருந்து ஒரு சொட்டுப் பாகைத் தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரில் விட்டு, விரல்களுக்கிடையில் உருட்டினாள் சொர்ணம்மாள். உருள்கிறதா, குழைகிறதா, தெரியவில்லை. துணி சுற்றிய விரலால் தொடுவதுபோல் இருந்தது. இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் அப்படித்தான்.

அடுப்பில் பனையிலிருந்து இறக்கிய அக்கானி பாகாகிக் கறுத்துக்கொண்டிருந்தது. உருண்டை பிடிக்கும் நேரத்தில் பானையை இறக்கிவிட வேண்டும். முந்தினால் கருப்பட்டி கட்டியாகாது, பிந்தினால் கசக்கும். திங்கட்கிழமை முந்திவிட்டாள், பாகு சிரட்டைகளிலேயே ஒழுகிக் கிடந்தது. நேற்று பிந்தியது. கோட்டாற்றிலிருந்து வந்த வியாபாரி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

“இன்னும் ஒரு பானை போச்சுன்னா இசக்கிய கூட்டிட்டு வந்துருவேன், பாத்துக்க” என்று காலையில் பனைக்குப் போகும்போது சொல்லியிருந்தான் கணவன் வைகுண்டராஜன்.

இசக்கி அவன் தங்கை. போன ஆண்டு, ஐம்பத்திரண்டு ஆவணியில், சொர்ணம்மாளை மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குழித்துறையிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டவள். அதற்கு முன் சொர்ணம்மாள் உட்கார்ந்து யாரும் கண்டதில்லை. தை மாதக் குளிரிலும் வேர்க்கும். மூன்று ஆள் சோறு தின்றும் உடம்பு உருகியது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கிய நடுக்கத்தில் சிரட்டைத் தண்ணீர் பாதி தரையில் சிந்தும். ஆனால் அந்த நடுங்கிய விரலுக்குப் பதம் தெரிந்தது. பக்கத்து விளைப் பெண்கள் சிரட்டையோடு ஓடி வந்து, “மைனி, ஒண்ணு உருட்டிப் பாருங்க” என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறி வீக்கத்தை எடுத்தார்கள். தையல் பிரித்த அன்று டாக்டர் அவளைக் கையை நீட்டச்சொல்லி மேலே ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் அசையவில்லை. குணம் என்றார். வைகுண்டராஜன் ஒரு பெட்டி கருப்பட்டியை அய்யாவின் கோயிலான நிழல்தாங்கலில் கொண்டுபோய் வைத்து, வேண்டியிருந்த நேர்ச்சையை முடித்தான். நேர்ச்சை கொடுத்த நோவை அதன்பிறகு வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் திரும்பி வரும். அவன் வீட்டு வழக்கம் அது.

அதன்பின் உடம்புக்கு வந்ததையும் அவள் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் இரண்டு போர்வை போர்த்தினாள். முகம் ஊதியது. குரல் தடித்தது. கண் மட்டும் பழையபடி பிதுங்கியே இருந்தது. மாசியில் அவள் தம்பி இறந்தான். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வரவில்லையே என்றும் தோன்றவில்லை. துடுப்பு ஒன்றைத்தான் விடக்கூடாது என்றிருந்தது. மற்றதெல்லாம் எங்கோ நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது சொட்டைத் தண்ணீரில் விட்டாளா, துடுப்பிலிருந்து நேரே வழித்தாளா, நினைவில்லை. உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“ஏட்டி! மூக்கும் போச்சா ஒனக்கு?”

வைகுண்டராஜன் கலயங்களைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து பானையை இறக்கினான். கருகிய புகை விளையெங்கும் பரவியது. வேலிக்கு அப்பால் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அன்னக்கிளி வந்து எட்டிப் பார்த்தாள்.

“பழையபடி கை நடுங்குதோ என்னவோ, அண்ணே.”

“நடுக்கமா? இஞ்ச வந்து பாரு. நீட்டுட்டி கைய.”

அவள் நீட்டினாள். அவன் காய்ந்த ஓலைக்கீற்று ஒன்றைக் கிள்ளி அவள் கைமேல் வைத்தான். ஓலை அப்படியே கிடந்தது.

“பாத்தியா? டாக்டர் சொன்னது பொய்யா? மடி பிடிச்சிருக்கு, சோம்பல், வேறொண்ணுமில்ல.”

“ஓலையும் சேந்து ஒறங்கிட்டுதே” என்று அன்னக்கிளி சிரித்தாள்.

வைகுண்டராஜன் ஓலையை எடுக்கப் போனவன் நின்றான். அவள் கையைப் பிடித்துத் திருப்பினான். இரண்டு விரல் நுனியிலும் பாகு ஒட்டி, அதன் ஓரத்தில் தோல் வெளுத்துப் பொங்கியிருந்தது.

“இதென்னட்டி?”

அவளும் பார்த்தாள். “பாகு பட்டிருக்கும்.”

“எரியல்லியா?”

“இல்ல.”

“எப்பத்திலேருந்து இப்பிடி?”

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்து கொஞ்ச நாளிலேருந்து.”

“சொல்லப்பிடாதா?”

“நேர்ச்சை குடுத்தாச்சே.”

அவன் கையை விட்டான். அன்னக்கிளி சுண்ணாம்புத் தெளிவைத் தேங்காயெண்ணெயில் அடித்துக் கொண்டுவந்து விரலில் தடவினாள். அவள் இப்போது சிரிக்கவில்லை. வைகுண்டராஜன் பானையின் அடியைச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தான். வெகுநேரம் சுரண்டினான்.

“ஆனி கழிஞ்சு காய்ச்சு முடியட்டும். டாக்டர்ட்ட போவலாம்” என்றான் கடைசியில். பிறகு, “இசக்கிக்கு ஆள் சொல்லி விடுதேன்.”

“எனக்குத் துடுப்பு பிடிக்க முடியும்.”

“பிடிக்க முடியும். பதம் தெரியாதே.”

அவள் எழுந்து துடுப்பைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதல் பஸ்ஸில் இசக்கி வந்தாள். “நல்லாயிருக்கியளா மைனி?” என்று கேட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகித் துடுப்பை எடுத்தாள். வைகுண்டராஜன் இருபத்தெட்டு பனை ஏறி இறங்கினான். சொர்ணம்மாள் அடுப்பு வாயில் உட்கார்ந்து ஓலை தள்ளினாள். இரண்டு பானை காய்ச்சினார்கள். இரண்டும் பதமாக வந்தன. மத்தியானம் கஞ்சிக்கு உப்பு போதுமா என்று இசக்கி கேட்டாள். போதும் என்றாள் சொர்ணம்மாள். விரலில் கொப்புளம் உடைந்து நீர் வந்தது. நாலு மணிக்குக் கருப்பட்டியைச் சிரட்டையிலிருந்து தட்டி எடுத்து ஓலைப்பெட்டியில் அடுக்கினார்கள். அடுப்பு அணைந்த பிறகும் அவள் அதன் பக்கத்திலேயே போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.