பத்து முடிச்சு தூரம்

விமான டிக்கெட் விற்கும் அந்தக் கடையில் எல்லோரும் அவளை நூலக்கா என்றே கூப்பிட்டார்கள். தரை துடைக்கத்தான் முதலில் வந்தாள். சுவரில் தொங்கிய உலகப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அடிக்கோல் வைத்து ஊர்களை அளந்து பார்ப்பாள். படத்தில் வந்த தூரத்துக்கும் விமானம் போகும் நேரத்துக்கும் ஒட்டவேயில்லை. ஆறு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டாள். பிறகு, பழைய சாமான் கடையில் ஒரு பூகோள உருண்டை வாங்கினாள். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தபோதுதான், தட்டையான படம் தூரத்தைத் திரித்துக் காட்டும் சூட்சுமம் பிடிபட்டது. நூலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டாள். மணிக்குத் தொள்ளாயிரம் என்று வகுத்து, ஏறி இறங்க அரைமணி கூட்டுவாள். பத்து வருடத்தில் துடைப்பம் போய் நாற்காலி வந்தது. விமானத்தில் மட்டும் இன்னும் ஏறியதில்லை.

அன்று ஓர் அம்மா ஊசிமருந்துப் பெட்டியோடு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு வேண்டிய அந்த மருந்தை இங்கேதான் செய்கிறார்கள்; அவரே எடுத்துப் போக வேண்டும். நடுவில் திறக்கக் கூடாது. கிளம்பும்போது பெட்டிக்குள் போடும் ஐஸ் பதினெட்டு மணி நேரம்தான் தாங்கும்.

"காலையில ஒன்பதுக்குக் கிளம்புது, அங்க ராத்திரி எட்டுக்குப் போயிடும். பதினோரு மணி நேரம்தாம்மா," என்றார் முதலாளி. அந்த விமானத்தில் அவரிடம் விற்காமல் கிடந்த இருக்கைகள் இருந்தன.

"சார், எட்டு அவங்க கடிகாரத்துல," என்றாள் நூலக்கா. "அங்க நம்மள விட ஆறு மணி நேரம் பின்னாடி. நடுவுல வேற விமானம் மாறணும். பயணமே பதினேழு. வீட்டுலேர்ந்து வீடு வரைக்கும் இருபத்திரண்டு ஆயிடும்."

"கடிகாரம் கடிகாரம்தான். கழிச்சுப் பாரு."

"கழிச்சா மருந்துதான் கழிவாப் போகும்."

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவன் சிரிப்பை அடக்கினான். முதலாளியின் முகம் சிவந்தது. "கடைக்கு நீ முதலாளியா, நான் முதலாளியா?"

அவள் மேசை மேலிருந்த உருண்டையைச் சுழற்றி, இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்தாள். "எண்ணுங்கம்மா."

"பத்து முடிச்சு, கண்ணு."

"நேரே போற விமானம்னா பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள. ஏறுறதுக்கு முன்னாடி மூணு, இறங்கி வீடு சேர ரெண்டு. பதினேழு. ஐஸ் தாங்கும். ஆனா அந்த டிக்கெட் எதிர்க் கடையிலதான் கிடைக்கும்."

"அங்க அனுப்புனே, அப்படியே அங்கேயே இருந்துடு!" என்று முதலாளி கத்தினார்.

நூலக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்து, எதிர்க் கடைப் படியில் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"இன்னும் எதுக்கு இங்க?"

"சாயந்தரம் ஆறு வரைக்கும் வேலை நேரம் சார்."

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். முதலாளி அவளிடம் பேசவில்லை, ஒரு வேலையும் கொடுக்கவில்லை. அவள் உருண்டையைத் துடைத்தாள், தளர்ந்த முடிச்சுகளை இறுக்கினாள்.

நான்காம் நாள் மத்தியானம் கைப்பேசி அடித்தது. அந்த அம்மாதான். நூலக்கா ஸ்பீக்கரைப் போட்டு மேசை மேல் வைத்தாள்.

"கண்ணு, இப்பத்தான் மக வீட்டுக்குள்ள நுழையுறேன். இன்னும் திறக்கல. கேளு." ஏதோ குலுங்கியது. கலகலவென்று ஐஸ் கட்டிகள் உருளும் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"ஸ்பீக்கரை அணை," என்றார் முதலாளி.

"இன்னொரு தடவை ஆட்டுங்கம்மா," என்றாள் நூலக்கா.