ஊசியக்காவும் பதினொரு கிழட்டுச் செல்களும்

ரப்பர் குழாயின் நுனியைக் கடைவாயில் கவ்விக்கொண்டு, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்ல உறிஞ்சுகிறார் ஊசியக்கா. குழாயின் மறுமுனையில், தலைமுடியைவிட மெல்லிய நுனி கொண்ட கண்ணாடி ஊசி. அந்த நுனியில் எலும்பு கட்டும் செல் ஒன்று. அழுத்தி உறிஞ்சினால் கிழியும், குறைந்தால் ஒட்டாது. “கொழந்த பால் குடிக்கிற மாதிரி இல்ல, கோவத்த முழுங்குற மாதிரி உறியணும்” என்பது அவர் கணக்கு.

வயது ஐம்பத்தேழு. இதே ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம், வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில், டெக்னீஷியன். கண்ணாடியைத் தாமே காய்ச்சி ஊசி இழுப்பதால் அந்தப் பெயர். வாய்க்காகவும் இருக்கலாம். யாராவது கதவை அறைந்து சாத்தினால் மேசை அதிர்ந்து செல் கழன்றுவிடும். அப்புறம் வந்தவர் இயக்குநரே ஆனாலும், “ஒங்க வீட்டுல கதவே கெடையாதா?”தான்.

செல்லின் சவ்வில் கால்சியம் நுழைவதற்கென்றே நுண்ணிய வாயில்கள் உண்டு. எலும்பின்மேல் பாரம் விழுந்தால் அவை திறக்கும். உள்ளே பாயும் கால்சியம், ‘கட்டு’ என்று செல்லை முடுக்கும். சோதனையில் ஊசி உறிஞ்சி இழுப்பதுதான் அந்தப் பாரம். முதியவர்களின் செல்லில் இவை திறப்பதே இல்லை என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியரின் கட்சி. கட்டுரையும் எழுதி முடித்திருந்தார். இடுப்பு அறுவை சிகிச்சையில் கழித்த எலும்புத் துண்டுகளிலிருந்து வளர்த்த செல்களில் முதல் இருபதை அக்கா சோதித்தார். ஒன்பது அசையவில்லை. பதினொன்று திறந்தன, கொஞ்சம் தாமதமாக.

“ஊசி கசிஞ்சிருக்கும். அந்தப் பதினொண்ணையும் எடுத்துட்டு முடிவுத் தாள்ல கையெழுத்துப் போடுங்க” என்றார் பேராசிரியர்.

“நீங்க ஒரு நிமிஷத்துல விட்டுடச் சொன்னீங்க சார். நான் மூணு நிமிஷம் இழுத்துப் பிடிச்சேன். தொறந்துச்சு.”

“அடுத்த மாசம் ஒங்க ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கில்ல?”

“எனக்குத்தானே முடியுது? செல்லுக்கு என்ன ஒப்பந்தம்?”

மகள் போனில் கெஞ்சினாள்: “எதுக்கும்மா வம்பு? போட்டுட்டு வாயேன்.”

“பாத்தத பாக்கலன்னு எழுதுறதுக்கு நான் எதுக்குடி? குருட்டுப் பூனை போதுமே.”

மறுநாள் பேராசிரியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பதினொன்றில் ஒன்றை எடுத்து இன்னொரு தடவை செய்துகாட்டினார். மூன்றாவது நிமிடத்தில், கால்சியம் பாய்வதைக் காட்டும் கோடு திரையில் துடித்தது. உடனே அக்கா வாயிலை அடைக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டார். கோடு படுத்துவிட்டது. “கசிவா இருந்தா மருந்துக்கு அடங்குமா சார்?”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாக்கலாம்” என்று எழுந்து போனார். கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினார்.

கட்டுரை வெளியே போகவில்லை. அக்காவின் ஒப்பந்தமும் நீளவில்லை. கடைசி நாளன்று மாணவிகள் நாங்கள் அழுதோம், அவர் அழவில்லை. நேராக இயக்குநர் அறைக்குப் போய், “சம்பளம் வேணாம். மூணு மாசம் உள்ள விடுங்க, மிச்சத்தையும் பாத்து முடிச்சிடுறேன்” என்றார். கதவுக்காக ஒருமுறை திட்டு வாங்கிய அதே மனிதர், அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

பணியாளர் அட்டை இல்லாததால் இனி தினமும் வாசலில் பார்வையாளர் பதிவேடு. முதல் நாளான நேற்று நானும் கூட நின்றேன். “யாரப் பாக்கணும்னு எழுதணும்மா, காலியா விடக் கூடாது” என்றார் காவலாளி. அக்கா பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் அழுத்தி எழுதினார்: ‘இருபத்தோராவது செல்லை.’