பிரெஞ்சுச் சிரிப்புக்கு நான் சொன்ன விளக்கம்

என் மனைவி என்னோடு சேர்ந்து சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடவும் பேசியாக வேண்டுமே. பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த திரைப்படச் சங்கத்தில், பிரெஞ்சு நகைச்சுவை வளர்ந்த கதையை ஞாயிறுதோறும் படம் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னார்கள். இவளைச் சிரிக்க வைக்க பிரான்ஸ் வரை போக வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டே இருவர் பெயரையும் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு ஊமைப்படங்கள். ஒருவன் விழுவான், அவன்மேல் இன்னொருவன் விழுவான், பின்னால் ஊரே துரத்தும். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "பாரு, இது உடம்பால பண்ற காமெடி. வசனம்லாம் அப்புறம்தான் வரும்" என்று காதில் ஓதினேன். உதடு பழைய இடத்துக்கே போய்விட்டது.

அடுத்தடுத்த வாரங்களில் படங்கள் பேசத் தொடங்கின. நானும் நிறுத்தவில்லை. தெருவில் ஓடிக்கொண்டிருந்த நகைச்சுவை மெல்ல வீட்டுக்குள் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டது. யாரும் விழவில்லை, நாகரிகமான சொற்களால் ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள். அதையும் விளக்கினேன்.

கடைசி ஞாயிறு இந்தக் காலத்துப் படம். விருந்தாளிகளுக்கு ஒயினைப் பற்றி வகுப்பெடுக்கும் கணவன், மனைவி பெட்டியோடு வெளியேறுவதைக் கவனிக்கவே இல்லை. அரங்கத்திலேயே உரக்கச் சிரித்தவன் நான்தான்.

படம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, எங்கே சிரித்தோம், ஏன் சிரித்தோம் என்று ஆளுக்கு இரண்டு வரி சொல்வது சங்கத்து வழக்கம். எந்த மொழியிலும் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவள் தமிழில் சொன்னாள்: "அந்த ஆளு மாதிரி ஒருத்தர் எங்க வீட்லயும் இருக்காரு. நான் இன்னும் பெட்டி எடுக்கல, அவ்ளோதான். எனக்குச் சிரிப்பு வரல."

படத்தின் ஒளிப்பதிவு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, தமிழ் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துவிட்டேன். சங்கத்தை நடத்தும் கன்னடக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள். எனக்குப் பயம் வந்தது, நிஜமான பயம்.

மறுபடி எழுந்து, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாருக்கும் தெரிந்துவிட்டதையும் சேர்த்துச் சொன்னேன்: அந்த ஆள் நான்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்தேன்.

"இதுக்கு விளக்கம் கிடையாதா?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள்.