புத்தர் விளாச்சேரியில் இருந்தார்

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு தப்பு எழுதிவிட்டேன். திருத்தம் என்றால் ஆசிரியர் இரண்டு வரி தருவார். எனக்கு அரைப் பக்கம் வேண்டும்.

கீழக்குயில்குடி மலைக் குகையில் புத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தேன் இல்லையா? எழுதியதோடு விட்டேனா... நாக்பூரிலிருந்து எங்கள் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த காம்ப்ளேயிடமும் அதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் பௌத்தக் குடும்பம். அவருடைய அம்மா ஊரிலிருந்து கிளம்பும்போது, வீட்டிலிருக்கும் புத்தர் படத்தை எடுத்து வரவா என்று கடிதம் போட்டுக் கேட்டார். "படம் எதுக்கு? இங்கே மலையிலேயே இருக்கார்" என்று பதில் எழுத வைத்தவன் நான்தான்.

வைகாசிப் பௌர்ணமியன்று புத்தர் முன்னால் மெழுகுவத்தி ஏற்றாமல் அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட மாட்டார். அன்று காலையில் மூவருமாகப் போனோம். அடிவாரத்தில் நுங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். நான் ஆறு சாப்பிட்டேன். அம்மாள் இரண்டு மெழுகுவத்தியைக் கையில் பிடித்தபடி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

குகையில் சிலையைப் பார்த்ததும் மகனிடம் மராத்தியில் ஏதோ சொன்னார்.

"எங்க பகவான் இல்லையாம் சார். தோள்ல துணி இல்லை. தலைக்கு மேல மூணு குடை இருக்கு" என்றார் காம்ப்ளே, தன் புதுத் தமிழில்.

நான் விடுவேனா? "ஆயிரம் வருஷ மழையில துணி தேஞ்சிருக்கும்" என்றேன்.

"குகைக்குள்ள மழையா சார்?"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "இவரு செட்டியாருண்ணே. காதப் பாருங்க, கடுக்கன் போட்டு எம்புட்டு நீளம்."

ஆயுள் முழுக்கப் புத்தரைக் கும்பிடுகிறவரிடமே புத்தர் எப்படி இருப்பார் என்று வாதாடியிருக்கிறேன். எனக்கு எவ்வளவு தைரியம்? அம்மாள் முகம் வாடிப்போய்ப் பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். என் வயிற்றில் ஆறு நுங்கு. வெட்கமாக இருந்தது.

இறங்கி, பக்கத்தில் விளாச்சேரிக்கு ஓடினோம் — கொலுப் பொம்மை செய்கிற ஊர். முதல் கொட்டகையில் ஒரு பெண் கிருஷ்ணருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். புத்தர் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"இருக்காருண்ணே. ஆனா இன்னும் கண்ணு தொறக்கல. கண்ணு எழுதாம கும்பிடக் குடுக்க மாட்டேன்." மெல்லிய தூரிகையை எடுத்தார்.

அம்மாள் பதறிப்போய், விரலைத் தன் இமைமேல் வைத்துப் பாதி மூடிக் காட்டினார்.

"தெரியும்மா. இவருக்குப் பாதிக் கண்ணுதான்" என்று சிரித்தார் அந்தப் பெண்.

அவர் முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. பிறகு எதிர்க்கடைக் குழிப்பணியாரம் ஏழு, காரச் சட்னியோடு... அம்மாள் ஏழையும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் என் தட்டைத் தொட்டேன்.

கிளம்பும்போது மிச்சமிருந்த மெழுகுவத்தியை அம்மாள் என்னிடம் நீட்டினார். மகன் மொழிபெயர்த்தார்: "மலையில இருக்கவருக்கு ஏத்திடுங்க. யாரா இருந்தா என்ன, வெயில்ல நமக்கு நிழல் குடுத்தாரே."

அவர் சமணத் தீர்த்தங்கரர் என்று மறுநாள் லைப்ரரியில் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தனியாக மலையேறி மெழுகுவத்தியை ஏற்றினேன்.

இந்த முறை அவர் யாரென்று அவரிடமே விளக்கவில்லை!