பசியாறியாச்சா

வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில் கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் டிரெசர். பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டும் அஞ்சலை அடிக்கடி மயங்கி விழுந்தாள். காய்ச்சல் இல்லை, ரத்தசோகையும் இல்லை. விசித்திரமான கேஸ் என்று பெரிய டாக்டரிடம் பெருமையடித்தேன். பிறகொருநாள் கத்தியின் மேலேயே விழுந்து ஒரு கண்ணை இழந்தாள்.

கட்டு மாற்றும்போது, "வெறும் வயித்துல வெட்டுனா கண்ணு இருட்டாதாங்கய்யா?" என்றாள்.

விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் மரத்தடியில்தான் பசியாறுவார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று வேலிவாசலில் காவலர்கள் அவர்கள் கொண்டுபோகும் சோற்றைப் பறித்துக்கொள்வதைத் தினமும் பார்த்தவன் நான்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையேங்கய்யா."

வழியில் பார்ப்பவரையெல்லாம் "பசியாறியாச்சா?" என்றுதான் நலம் விசாரிப்பேன். அவள் வந்தபோதெல்லாம் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன். அதை மட்டும் கேட்கவில்லை.